ராமேஸ்வரத்தில் ஒரு சனிக்கிழமை இரவு தங்கிப் பாருங்கள்!

ராமேஸ்வரம் போகிறவர்களின் திட்டம் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். விடியற்காலையில் அக்னி தீர்த்தம், சொட்டச் சொட்ட நனைந்தபடி 22 தீர்த்தங்கள், தரிசனம், டிபன். மதியத்துக்குள் தனுஷ்கோடி. அரிச்சல்முனையில் நாலு செல்ஃபி, வரும் வழியில் அப்துல் கலாம் நினைவிடம், பாம்பன் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி இன்னொரு செல்ஃபி. பொழுது சாய்வதற்குள் தீவைத் தாண்டிவிடுவோம். நாங்களும் மூன்று முறை இப்படித்தான் போய் வந்திருக்கிறோம்.

இந்த மாசி மாதம் ஓர் இரவு தங்குவதென்று முடிவு செய்து கிளம்பினோம். நான், கணவர், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன். சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பாக் விரிகுடாவில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் கடலுக்குப் போவதில்லை. விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள். இரு தரப்புக்கும் இடையே மோதல்கள் நடந்த 1970-களில் பிறந்த ஏற்பாடு இது. ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் மீன்வளத் துறையின் டோக்கன் வாங்கிக்கொண்டு புறப்படும். மறுநாள் காலை கரை திரும்பும். அதாவது, சனிக்கிழமை இரவு ஊரில் பாதி ஆண்கள் கடலில் இருப்பார்கள். ஞாயிறு விடியும்போது மொத்த ஊரும் துறைமுகத்தில் இருக்கும். வார இறுதியில் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடத் தோதான நாள் கிடையாது.

மூச்சடக்கி முக்குளிக்கும் பெண்கள்

பாம்பன் பாலத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பவர்கள் தூரத்தில் தெரியும் படகுகளைப் படம் எடுப்பார்கள். நாங்கள் பாலம் இறங்கியதும் ராமேஸ்வரம் போகாமல் தெற்கே சின்னப்பாலம் பக்கம் திரும்பினோம்.

மதியம் ஒன்றரை மணி இருக்கும். ஒரு படகு வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் எல்லோருமே பெண்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட நீச்சல் கண்ணாடி, விரல்களில் துணிச் சுற்று. ஆளுக்கொரு வலைப் பையில் ஈரம் சொட்டும் பாசி. ஐம்பது வயதுக்குக் குறைந்தவர் அதில் இரண்டு பேர்தான்.

"தண்ணி வத்துற நேரம் பார்த்துப் போகணும் தங்கச்சி. மூச்ச அடக்கிக்கிட்டு உள்ள போயி, பாறையில இருக்கிறதக் கையால பிய்ச்சிக்கிட்டு மேல வரணும். பாறைய ஒடைக்க மாட்டோம், அடியோட பிடுங்க மாட்டோம். மறுக்கா மொளைக்கணும்ல?" என்றார் ஓர் அக்கா, துணியை அவிழ்த்தபடி. விரல் நுனி எல்லாம் கீறல்.

"பாட்டி, மூச்சு முட்டாதா?" என்று கேட்டான் என் மகன்.

"முட்டும்யா. முட்டுனா மேல வந்துருவோம்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

இவர்கள் எடுப்பது பெரும்பாலும் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும். நாம் நோன்புக் காலத்தில் இளநீர் ஊற்றிச் செய்யும் கடல்பாசி, சோதனைக்கூடங்களில் கிருமி வளர்க்கும் கூழ், ஐஸ்கிரீமுக்குக் கெட்டித்தன்மை தரும் பொருள் எல்லாமே இப்படிப்பட்ட பாசிகளிலிருந்துதான் வருகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்துக்கு 12 நாள் மட்டும் எடுப்பது என்பது இவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் பாசிக்கும் விடுமுறை. இந்தக் கட்டுப்பாட்டை முன்னின்று கொண்டுவந்த பாசி சேகரிக்கும் பெண்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

ஆனால் இன்றைக்கும் இவர்களுக்குப் பயமில்லாத நாள் இல்லை. 1986-ல் தூத்துக்குடி முதல் பாம்பன் வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா ஆயின. "எங்க ஆத்தா காலத்துல தீவுலயே குடிசை போட்டுத் தங்கிப் பாசி எடுத்திருக்காங்க. இப்பத் தீவுல கால் வெச்சா குத்தம்" என்கிறார்கள். பவளப்பாறையைக் காப்பாற்ற வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், பாறையை உடைக்காமல் கையால் பிய்க்கிறவர்களும் கடலடியைச் சுரண்டுகிறவர்களும் சட்டத்தின் முன் ஒரே தராசில் நிற்பதுதான் உறுத்துகிறது.

இதே கரையில் மூங்கில் மிதவைகளையும் பார்க்கலாம். அது வளர்ப்புப் பாசி. ஊர்க்காரர்கள் 'பெப்சி பாசி' என்பார்கள். 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் இதை இங்கே வளர்க்கச் செய்ததால் வந்த பெயர். 45 நாளில் அறுவடை, முக்குளிக்க வேண்டியதில்லை, வருமானமும் பரவாயில்லை. ஆனால் வெளிநாட்டு இனமான இது மிதவையிலிருந்து தப்பி, குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகள் மேல் படர்ந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். "பாறை போச்சுன்னா எங்க பாசியும் போச்சு" என்றார் அந்த அக்கா. மிதவை வைத்திருப்பதோ அவருடைய சொந்தத் தங்கை.

கயிற்றின் இரண்டு முனை

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி சுமார் 20 கி.மீ. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு கார்கள் விர்ரென்று பறக்கின்றன. அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் தத்தளித்துப் போகும் வேன்கள்தான். சாலை வந்ததில் ஒரு நஷ்டமும் உண்டு. ஓரத்தில் கரைவலை இழுப்பவர்களை யாரும் நின்று பார்ப்பதில்லை.

நாங்கள் நிறுத்தினோம். கரைவலை என்பது இதுதான். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, படகு கடலுக்குள் போய் அரைவட்டமாக வலையைப் போட்டுக்கொண்டே வந்து, மறு முனையைச் சற்றுத் தள்ளிக் கரையில் கொடுக்கும். இரண்டு முனையிலும் பதினைந்து பதினைந்து பேர் பின்புறமாக அடியெடுத்து வைத்து இழுப்பார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டு முன்னால் ஓடிவந்து மறுபடி பிடிப்பார். வலை நெருங்க நெருங்க இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கும். மணிக்கணக்கில் ஆகும் வேலை. முன்பு அலுப்புத் தெரியாமலிருக்க அம்பா பாடி இழுப்பார்கள். அன்றைக்கு ஒருவர் சட்டைப் பையில் போன் சினிமாப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது.

"தம்பி, சும்மா நிக்கிறதுக்கு ஒரு கை பிடி" என்று என் மகனைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் உள்ளங்கை சிவந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

கடைசியில் மடி கரையேறியபோது சூடை, காரல், கொஞ்சம் ஊளிக்குஞ்சு, ஏழெட்டு கணவாய், ஒரு சின்னத் திருக்கை. கூடவே தண்ணீர் பாட்டில்கள். இரண்டு கூடைகூட முழுசாக நிறையவில்லை. இதில் வலைக்கும் படகுக்கும் பங்கு போக மீதிதான் இழுத்த முப்பது பேருக்கு. "ஒருநாள் பொன்னா வரும், ஒன்பது நாள் மண்ணா வரும்" என்றார் ஒரு பெரியவர். சொல்லிவிட்டு, சாகாமல் துள்ளிக்கொண்டிருந்த திருக்கையைத் தூக்கித் தண்ணீரில் விட்டார்.

இவர்களின் குடிசைகளுக்குப் பின்னால் தெரியும் இடிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் நாமெல்லாம் அறிந்தவை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி அடித்த புயல், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு சேர்த்து விழுங்கியது. 'மனிதர்கள் வாழத் தகுதியற்ற இடம்' என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீன் இருக்கும் இடத்தைவிட்டு மீனவர் போய்விடுவாரா? கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டார்கள். குடிதண்ணீருக்கு ஊற்றுதான். இரண்டு கடலுக்கும் நடுவே மணலில் மூன்றடி, நாலடி தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கிறது. ஒரு பெண் கொட்டாங்குச்சியால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தோம். உப்பே இல்லை!

இரண்டு கடல் என்றேன் அல்லவா? வடக்கே பாக் விரிகுடா பக்கம் இருப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடா பக்கம் இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். ஒன்று சாது, ஒன்று முரடு. ஆனால் வாடைக்காற்று வந்துவிட்டால் சாது முரடாகிவிடும். காற்று மாறும்போது வலையும் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறும். நடுவில் இருப்பது சில நூறு அடி மணல்தான் என்பதால் இந்த வசதி தனுஷ்கோடிக்காரர்களுக்கு.

மாலையானதும் போலீஸார் வந்து வெளியாட்கள் எல்லோரையும் கிளப்பிவிடுகிறார்கள். இரவு அங்கே தங்க முடியாது.

போன் எடுக்காத நேரம்

நாங்கள் தங்கியது ராமேஸ்வரம் துறைமுகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில், ஒரு மீனவர் வீட்டு மாடியில். தெரிந்தவர் மூலம் கிடைத்த அறை. கீழே பெரியவரும் அவர் மனைவியும், மருமகளும், கைக்குழந்தையும். மகன் அன்று காலைதான் விசைப்படகில் போயிருந்தார். இரவு நகரை மீன் குழம்பும் சோறும் போட்டார் பெரியம்மா. புளி குறைவாக, மிளகாய் தூக்கலாக. குழம்பை நாளைக்கு வைத்திருந்து சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று சொன்னார். மிச்சம் வைத்தால்தானே!

பெரியவர் ஒரு காலத்தில் பாய்மர வத்தையில் தொழில் செய்தவர். கச்சத்தீவில் வலை காயப்போட்டுவிட்டு, மர நிழலில் சோறு பொங்கித் தின்றுவிட்டு வந்த கதைகளைச் சொன்னார். 1974-ல் அந்தத் தீவு இலங்கைக்குப் போனது. பிறகு அந்தப் பக்கம் போர். 2009-ல் அது முடிந்த பிறகுதான் அந்தக் கரை மீனவர்கள் மறுபடி முழுமையாகக் கடலுக்கு வந்தார்கள். அவர்களும் நம் மொழி பேசுகிறவர்கள்தாம். ராத்திரி அவர்கள் போட்டுவைக்கும் செவுள்வலையை நம் விசைப்படகின் இழுவை மடி அறுத்துக்கொண்டு போய்விடுகிறது என்பது அவர்களின் புகார். 2017-ல் இலங்கை தன் கடலில் இழுவை மடியை அடியோடு தடை செய்துவிட்டது. எல்லை தாண்டிப் பிடிபட்டால் சிறை, படகு அரசுடைமை.

"அங்க மீன் இருக்கு, இங்க இல்ல. ஏன் இல்லன்னு யாரும் கேக்கிறதில்ல. நாப்பது அம்பது வருசமாத் தரையச் சொரண்டிச் சொரண்டி இழுத்தா என்ன இருக்கும்? முட்டையும் குஞ்சுமா எல்லாம் மடியில வந்துருது" என்றார் பெரியவர்.

"ஆரம்பிச்சிட்டியளா?" என்றார் பெரியம்மா. "அவன் இருந்தா இந்தப் பேச்சு வேணாம். சோறு திங்காம எந்திரிச்சிப் போயிருவான்."

விஷயம் புரிந்தது. அப்பா நாட்டுப்படகுக்காரர். மகன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அந்த வீட்டில் இது பல வருடச் சண்டை. நாட்டுப்படகு வாங்க மகனிடம் பணம் இல்லை. விசைப்படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் இருக்கும்வரை வேறு படகுக்கு மாறவும் முடியாது. 'எல்லை தாண்டாதீர்கள்' என்று சொல்வது நமக்குச் சுலபம். ராமேஸ்வரத்துக்கும் கச்சத்தீவுக்கும் நடுவே அந்த எல்லை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். 'இலங்கைக் கடற்படை அட்டூழியம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் அதே அளவு சுலபம்.

இரவு இரண்டரை மணிக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கினேன். பெரியம்மா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் போன்.

"தூங்கலையா பெரியம்மா?"

"ராப்போயிட்டா போன் எடுக்காது ஆத்தா. கொஞ்ச தூரம் வரைக்கும்தான் டவர். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. அவரும் இப்படித்தான் போவாரு, அப்ப போனே இல்ல. எனக்கு நாப்பது வருசமா இதே திண்ணைதான்." பக்கத்து வீட்டைக் கைகாட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் அந்த வீட்டுப் பையன் போன படகு பிடிபட்டதாம். பையன் ஒன்றரை மாதத்தில் வந்துவிட்டான். படகு வரவில்லை. படகுக்காரர் வட்டி கட்டுகிறார் இன்னும். "ஆள் வந்துச்சே, அது போதும்னுதான் இருக்கணும்" என்றவர், மருமகளின் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். குழந்தை சிணுங்கும் சத்தம். அவளும் தூங்கவில்லை.

விடியற்காலை ஏலம்

ஐந்தரை மணிக்கெல்லாம் துறைமுகத்தில் நின்றோம். முதலில் விளக்குகள் தெரிகின்றன, பிறகு இன்ஜின் சத்தம், பிறகுதான் படகு. முன்னால் வந்த படகுக்காரர்களிடம் கரையில் நிற்பவர்கள் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். "பின்னால வருது", "பாத்தோம், வருது." இந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் பாதிப் பெண்கள் அங்கே வந்து நிற்கிறார்கள். டி.வி-யில் செய்தி வருவதற்கு வெகு முன்பே, எந்தப் படகு வரவில்லை என்பது இந்தக் கரைக்குத் தெரிந்துவிடும்.

பிறகு சந்தை களைகட்டியது. ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலக்காரரின் ஒருதரம் ரெண்டுதரம், கூடைகளை இழுக்கும் சத்தம், காலுக்கடியில் வழுக்கும் செதில். இறாலும் நண்டும் கணவாயும் தனித்தனியாக எடைக்குப் போகின்றன. பெரிய இறால் நேராகக் குளிர்சாதன வண்டிக்குப் போய்விடுகிறது. அதை அந்த ஊர்க்காரர்களே சாப்பிடுவது அபூர்வம். ஓரத்தில் மலைபோலக் குவிந்திருந்தது சங்காயம். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள், பெயர் தெரியாத நண்டுகள், உடைந்த சிப்பிகள். காய வைத்துக் கோழித்தீவனத்துக்கு அனுப்புவார்களாம். அதைப் பார்த்ததும் பெரியவர் ராத்திரி சொன்னது சட்டென்று விளங்கியது. 'முட்டையும் குஞ்சுமா' என்றாரே, அது இங்கே கண்முன்னே குவிந்து கிடந்தது.

பெரியம்மாவின் மகன் வந்த படகு ஏழு மணிக்கு மேல்தான் கரை சேர்ந்தது. உப்புப் படிந்த முகம், சிவந்த கண்கள். அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பெரியம்மாவும் ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குத் திரும்பி நடந்தார். டீ குடிக்கும்போது பேச்சுக் கொடுத்தோம். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்துப் பங்கு பிரித்ததில் அவர் கைக்கு வந்தது 700 ரூபாய்.

"எல்லை தாண்டிப் போனீங்களா?" என்று தயங்கிக் கேட்டார் என் கணவர்.

"மீன் எல்லை பார்த்தாண்ணே நீந்துது?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா சொல்றதும் தெரியும்ணே. கடன் முடியட்டும்" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்தார். திங்கட்கிழமை மறுபடி டோக்கன்.

நீங்கள் போவதாக இருந்தால்...

ஜனவரி முதல் மார்ச் வரை காற்றும் வெயிலும் அடங்கியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் வரிசை கட்டி நிற்கும், நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். துறைமுகத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்த இரண்டு மாதத்தைத் தவிருங்கள். பவளப்பாறையும் தீவும் பார்க்க ஆசையிருந்தால் பாம்பன் குந்துகாலில் வனத் துறை நடத்தும் படகு இருக்கிறது. யாராவது மீன்பிடிப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றால் ஆசைப்பட்டு ஏறிவிடாதீர்கள். உங்களைவிட அவருக்குத்தான் சிக்கல்.

ஏலம் நடக்கும் இடத்தில் குறுக்கே நிற்காமல் ஓரமாக நின்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், முக்கியமாகப் பாசி எடுக்கும் பெண்களிடம். ஈரத் துணியோடு கரையேறும் நேரத்தில் போனை நீட்டுகிறவர்கள்மீது அவர்களுக்கு நிறையக் கோபம் இருக்கிறது. வீட்டுக்கு மீன் வாங்க ஏலத்தில் இறங்க வேண்டாம், அது மொத்த வியாபாரம். வாசலில் கூடை வைத்திருக்கும் அக்காமார்களிடம் கிலோக் கணக்கில் கிடைக்கும். அவர்களே சுத்தம் செய்தும் தருவார்கள், அதற்குத் தனியாகக் காசு கொடுத்துவிடுங்கள். நாங்கள் இரண்டு கிலோ விளமீன் வாங்கி, தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டிக்கொண்டோம். மதுரை வந்து சேரும்வரை ஐஸ் கரையவில்லை.